லாட ஆணியில இருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் வரைக்கும்

"காரை எத்தனை நாளைக்கு ஒரு தடவை சர்வீஸ் விடணும்?" அப்படின்னு யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க மக்களே. முக்கால்வாசிப் பேர் ஷோரூம்ல கதவோரமா ஒட்டி விட்ட ஸ்டிக்கரைப் பார்த்து ஒரு நம்பர் சொல்லுவாங்க. மிச்சப் பேர் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்ணே, நின்னா பாத்துக்கலாம்"பாங்க. ஆனா இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்ட ஊர் ஒண்ணு இருக்கு. அது நம்ம மதுரை. அந்தக் கதையைச் சொல்லிட்டு, கடைசியில என்னென்ன பார்க்கணும்ங்கிற மேட்டருக்கும் வர்றேன்.

முதல்ல ஒரு வெளிநாட்டு முன்கதை. 1888 ஆகஸ்ட் மாசம். ஜெர்மனியில கார்ல் பென்ஸோட மனைவி பெர்த்தா பென்ஸ், புருஷன்கிட்ட சொல்லாம ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு, அவர் செஞ்ச மூணு சக்கர மோட்டார் வண்டியில மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிட்டாங்க. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. வழியில பெட்ரோல் குழாய் அடைச்சுக்கிச்சு, தொப்பி ஊசியை விட்டுக் குத்தி எடுத்தாங்க. பிரேக் கட்டை தேய்ஞ்சு போச்சு, வழியில ஒரு செருப்புத் தைக்கிறவரைப் பிடிச்சு அதுமேல தோல் அடிச்சு வாங்கினாங்க. உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்திலேயே ஒரு பிரேக் சர்வீஸும் நடந்திருச்சு. மோட்டார் வண்டியும் சர்வீஸும் கூடவே பிறந்ததுங்கன்னு சொன்னா தப்பில்லை.

இப்ப மதுரைக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமையில திருக்குறுங்குடியில 1877ல பிறந்தவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். வக்கீல் தொழில் கொஞ்ச நாள், அப்புறம் ரயில்வே வேலை, அப்புறம் பேங்க் வேலை. எதுவும் ஒட்டலை. 1911ல சொந்தமா தொழில் ஆரம்பிச்சு, 1912ல மதுரையில பஸ் விட்டார். இன்னிக்கு மேல வெளி வீதியில நிக்கிற டி.வி.எஸ் கட்டடத்துக்கும், டி.வி.எஸ் நகருக்கும் பேர் வந்தது இப்படித்தான்.

அந்தக் காலத்துல பஸ் ஓட்டுறதுன்னா என்னன்னு கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. தார் ரோடு கிடையாது, கப்பி ரோடு. ரோடு முழுக்க மாட்டு வண்டியும் குதிரை வண்டியும். மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிச்சிருப்பாங்க இல்லையா, அந்த லாட ஆணி கழண்டு ரோட்டுல கிடக்கும். பஸ் டயருக்கு அதுதான் எமன். பஞ்சர் ஆச்சுன்னா நடுக்காட்டுல நிக்க வேண்டியதுதான். செல்போனா, ரெக்கவரி வேனா?

இதுக்கு சுந்தரம் ஐயங்கார் கண்டுபிடிச்ச வழியைப் பத்தி மதுரைப் பக்கம் இன்னமும் ஒரு கதை சொல்லுவாங்க. வண்டியில பெரிய காந்தத்தைக் கட்டி, பஸ் போறதுக்கு முன்னாடி அந்த ரூட்டுல ஓட்டி, ரோட்டுல கிடக்கிற ஆணியை எல்லாம் பொறுக்க வச்சாராம். பஞ்சர் ஆன பிறகு ஒட்டுறது எல்லாருக்கும் தெரியும். பஞ்சர் ஆகாம இருக்க என்ன செய்யலாம்னு யோசிச்சார் பாருங்க, அங்கதான் மனுஷன் நிக்கிறார். டி.வி.எஸ் பஸ் வர்றதைப் பார்த்துக் கடிகாரத்துக்கு முள் திருப்புவாங்கன்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. பஸ் நேரத்துக்கு வரணும்னா டிரைவர் வேகமா ஓட்டினா மட்டும் பத்தாது. வண்டி வழியில நிக்கவே கூடாது. நிக்கக் கூடாதுன்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பார்த்திருக்கணும்.

அந்தக் காலத்து வண்டிக்குச் சர்வீஸ் இடைவெளி எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? பத்தாயிரம் கிலோமீட்டரா? ஹி ஹி... கிட்டத்தட்ட தினசரி! 1908ல இருந்து 1927 வரைக்கும் வந்த ஃபோர்டு மாடல் டி காரையே எடுத்துக்குங்க. அதுல ஆயில் பம்ப் கிடையாது. ஆயில் ஃபில்டர் கிடையாது. ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக் கூடக் கிடையாது. வண்டிக்கு அடியில குனிஞ்சு ரெண்டு குட்டிக் குழாயைத் திறந்து பார்க்கணும். மேல் குழாயில ஆயில் வந்தா நிறைய இருக்கு, கீழ்க் குழாயில கூட வரலைன்னா சோலி முடிஞ்சுது. வண்டி முழுக்க ஆங்காங்கே கிரீஸ் கிண்ணம் இருக்கும், அப்பப்ப மூடியைத் திருகி கிரீஸை உள்ளே தள்ளணும். சில இடங்களுக்கு நூறு இருநூறு மைலுக்கு ஒரு தடவை எண்ணெய் விடணும்.

அப்புறம் ஒவ்வொண்ணா மாறிச்சு. 1923ல எர்னஸ்ட் ஸ்வீட்லேண்டுங்கிற அமெரிக்கர் காருக்கு ஆயில் ஃபில்டர் கொண்டு வந்தார். 1929ல ஆஸ்கர் ஜெர்க் பேர்ல கிரீஸ் நிப்பிளுக்குக் காப்புரிமை கிடைச்சது. இன்னிக்கும் லாரிப் பட்டறையில கிரீஸ் கன்னை வச்சு 'புஸ்க் புஸ்க்'னு அடிக்கிறாங்களே, அந்த நிப்பிள்தான். 1950கள்ல மல்டிகிரேட் ஆயில் வந்தது. குளிர்லயும் கெட்டியாகாது, சூட்டுலயும் தண்ணி மாதிரி ஆகாது. இப்படி ஒவ்வொண்ணு வந்தப்பவும் சர்வீஸுக்கும் சர்வீஸுக்கும் நடுவில இருக்கிற தூரம் கொஞ்சம் கொஞ்சமா நீண்டுச்சு.

ஆனா நடுவில ஒரு தடவை அது பின்னோக்கி ஓடிச்சு. ரெண்டாம் உலகப் போர் சமயம். பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. பஸ் எல்லாம் ஷெட்டுல நிக்க வேண்டிய நிலைமை. அப்ப டி.வி.எஸ் சொந்தமா ஒரு கேஸ் பிளாண்ட் வடிவமைச்சுத் தயாரிச்சது. பெரிய டிரம் மாதிரி ஒண்ணை பஸ்ஸோட சேர்த்து, அதுல அடுப்புக்கரியைப் போட்டுப் பத்த வைக்கிறது. காத்தைக் கம்மியா விட்டு எரிச்சா கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அந்த வாயுவை எஞ்சினுக்குள்ள விட்டு வண்டியை ஓட்டுறது. கரி வண்டின்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க. ஏத்தம் வந்தா மூச்சு வாங்கும். காலையில கிளம்புறதுக்கு முன்னாடி கிளீனர் நின்னு காத்தாடியைச் சுத்தணும்.

இதுல நமக்கு வேண்டிய விஷயம் என்னன்னா, அந்தக் கரி வாயுவில சாம்பலும் தூசியும் கலந்து வரும். வடிகட்டியை நாள் தவறாம சுத்தம் பண்ணலைன்னா அந்தத் தூசி எஞ்சினுக்குள்ள போய் சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி தேய்ச்சிடும். எரிபொருள் மாறினதும் சர்வீஸ் கணக்கும் மறுபடி தினசரிக்கு வந்திருச்சு. அதாகப்பட்டது, சர்வீஸ் இடைவெளிங்கிறது கல்வெட்டு இல்லை. என்ன ஊத்துறோம், எந்த ரோட்டுல ஓட்டுறோம், எப்படி ஓட்டுறோம்ங்கிறதைப் பொறுத்து மாறுற கணக்கு அது.

போருக்கு அப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். சுந்தரம் ஐயங்கார் 1955ல காலமானார். 1960கள்ல அந்தக் குடும்பத்து நிறுவனங்கள் சக்கரம், பிரேக், எலக்ட்ரிக்கல் சாமான்னு உதிரிபாகத் தயாரிப்புல இறங்கிச்சு. வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ் எல்லாம் அந்தக் காலத்துப் பிறப்பு. பஸ் ஓட்டினவங்களுக்கு எந்த சாமான் முதல்ல போகும்னு தெரியாமலா இருக்கும்? :-) 1972ல தமிழ்நாட்டுல பெரிய பஸ் கம்பெனிகளை அரசுடைமை ஆக்கினப்ப, டி.வி.எஸ் பஸ்களை வாங்கிக்கிட்டு மதுரையில பாண்டியன் ரோட்வேஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. 1997ல அந்தப் பேரும் போய், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆச்சு.

சரி, பஸ் கதை போதும். வீட்டுக் காருக்கு வருவோம். எங்க பெரியப்பா ஒரு அம்பாசடர் வச்சிருந்தார். ஞாயித்துக்கிழமை காலையில அவருக்குக் கோயில் குளம் எல்லாம் அந்த வண்டிதான். பானெட்டைத் திறப்பார். ரேடியேட்டர்ல தண்ணி, எஞ்சின்ல ஆயில், பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர். பிளக்கைக் கழட்டிக் கரியைச் சுரண்டுவார். பாயிண்ட்டை உப்புத்தாள்ல தேய்ச்சு, ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி பார்ப்பார். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிங்பின்னுக்கு கிரீஸ், ஆயில் மாத்தல். இதையெல்லாம் ஆசைப்பட்டு மட்டும் செய்யலை. செய்யலைன்னா திங்கட்கிழமை வண்டி கிளம்பாது!

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. சாவியைத் திருகினா கிளம்புற வண்டி. அப்புறம் 2000ஐ ஒட்டி கார்பரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. பாயிண்ட் போச்சு, கம்ப்யூட்டர் வந்தது. கிரீஸ் நிப்பிள் போய், ஆயுசுக்கும் கிரீஸ் அடைச்சு மூடின பால் ஜாயிண்ட் வந்தது. இன்னிக்கு நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முன்னால வருதோ அதுதான் கணக்கு.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. நான் இந்தப் பதிவு எழுதறதே அதுக்காகத்தான். பெரியப்பா பாயிண்ட் தேய்க்கக் குனிஞ்சப்போ, டயர்ல ஒரு வெடிப்பு இருந்தா அதுவும் கண்ணுல படும். கிரீஸ் அடிக்க அடியில படுத்தப்போ, பிரேக் ஆயில் கசிஞ்சிருந்தா அதுவும் தெரியும். வண்டி நல்லா வந்ததும் குனியற வேலை போச்சு. அதோட சேர்ந்து பார்க்கிற வேலையும் போச்சு. ஆயில் ஒரு வருஷம் தாங்கும், ஒத்துக்கிறேன். டயர்ல ஏறின ஆணி ஒரு வருஷம் காத்திருக்குமா?

சட்டம் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க. 1914ல வந்த முதல் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்துக்கு அப்புறம், 1939 சட்டத்துல வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கட்டாயம் ஆச்சு. நம்ம ஊர் பாஷையில சொன்னா 'எஃப்.சி காட்டுறது'. இப்ப இருக்கிற 1988 சட்டத்துலயும் அது தொடருது. பஸ், லாரி, டாக்ஸிக்கு எட்டு வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம். ஆனா சொந்தக் காருக்கு? பதிவு பண்ணினா 15 வருஷம். அது முடிஞ்சு புதுப்பிக்கும்போதுதான் அதிகாரி வண்டியைப் பார்ப்பார். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை.

மத்த ஊர்ல எப்படின்னு பாருங்க. பிரிட்டன்ல 1960ல எம்.ஓ.டி சோதனை கொண்டு வந்தப்போ பத்து வயசு வண்டிகளுக்குத்தான் இருந்தது. 1967லயே அதை மூணு வயசுக்குக் கொண்டு வந்துட்டாங்க. சிங்கப்பூர்ல மூணு வயசு ஆன கார் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்குப் போகணும், பத்து வயசுக்கு மேல வருஷா வருஷம். அங்க இருக்கிற நம்ம பதிவர்களுக்கு இது தெரிஞ்ச சங்கதி. இங்க புது வண்டியைப் பாண்டி கோயில்ல நிறுத்தி மாலை போட்டு எடுத்துட்டு வந்தா, அடுத்த பதினஞ்சு வருஷத்துக்கு அந்த டயரையும் பிரேக்கையும் பார்க்க வேண்டிய பொறுப்பு முழுக்க முழுக்க உங்களோடதுதான்.

அதுவும் நம்ம ஊர் நிலைமை தனி. கார் கூட வர்ற கையேட்டை எடுத்துப் பாருங்க (பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்காம டேஷ்போர்டுக்குள்ள கிடக்கும்!). பல கையேடுகள்ல சர்வீஸ் அட்டவணை ரெண்டு இருக்கும். ஒண்ணு சாதாரண ஓட்டத்துக்கு. இன்னொண்ணு கடினமான ஓட்டத்துக்கு, அதாவது தூசி, கடும் வெயில், நின்னு நின்னு போற நெரிசல், குட்டிக் குட்டித் தூரம். கோரிப்பாளையம் சிக்னல்லயும் மாசி வீதியிலயும் தினம் ஊர்ந்து போறவங்க எந்த அட்டவணைன்னு நான் சொல்லணுமா? மீட்டர்ல அஞ்சு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், எஞ்சின் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். அதனாலதான் கிலோமீட்டர் ஆகலைன்னாலும் மாசக் கணக்கைப் பார்க்கச் சொல்றாங்க. மேலூர்ப் பக்கம் கல்குவாரி ரோட்டுல போறவங்க ஏர் ஃபில்டரை வருஷக் கணக்குல விடக்கூடாது. அறுவடை சமயத்துல கிராமத்து ரோட்டுல கதிரைப் பரப்பியிருப்பாங்க, வண்டி ஏறித்தான் போகணும். அந்தத் தாள் அடியில சுத்திக்கிட்டு, சூடான சைலன்சர்ல பட்டுப் புகைஞ்சா வண்டியே எரியலாம். தாண்டினதும் ஓரங்கட்டி, குனிஞ்சு உருவிப் போட்டுட்டுப் போங்க.

இப்ப லிஸ்ட். வாரம் ஒரு தடவை, காலையில, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி:

- டயர்: காத்தை வண்டி ஓடாம ஆறியிருக்கும்போது பாருங்க. எவ்வளவுன்னு டிரைவர் கதவோரம் எழுதியிருக்கும். காத்துக் கம்மியான டயர் வெயில்ல நாலுவழிச் சாலையில வேகமா ஓடும்போது சூடேறித்தான் வெடிக்குது. பட்டன் ஆழம் 1.6 மி.மீக்குக் கீழ போனா மாத்திடணும். பக்கவாட்டுல வீக்கம் இருந்தா அன்னிக்கே மாத்தணும். ஸ்டெப்னியை மறந்துடாதீங்க.
- எஞ்சின் ஆயில்: வண்டி சமதளத்துல நிக்கும்போது டிப்ஸ்டிக்கை உருவி, துடைச்சு, மறுபடி விட்டுப் பாருங்க. எந்த கிரேடுன்னு கையேடு சொல்றதைக் கேளுங்க. '20டபிள்யூ-40 ஊத்துங்க, எல்லா வண்டிக்கும் அதான்'னு சொல்றவங்களை நம்பாதீங்க.
- கூலன்ட்: வெளியில இருக்கிற டப்பாவுல கோடு பார்த்தா போதும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில கை வைக்கவே கூடாது.
- பிரேக் ஆயில்: குறைஞ்சிருந்தா ஒண்ணு கட்டை தேய்ஞ்சிருக்கு, இல்லைன்னா எங்கயோ கசியுது. சும்மா ஊத்தி நிரப்பிட்டுப் போகாதீங்க, காட்டுங்க.
- லைட்டு, வைப்பர், வண்டி நின்ன இடத்துல சொட்டு. கூடவே எலி கடிச்ச ஒயர்!

வருஷம் ஒரு தடவை சர்வீஸ் விடும்போது: ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாத்தறது, ஏர் ஃபில்டர், நாலு சக்கரத்தையும் கழட்டி பிரேக் கட்டை பார்க்கிறது, டயர் இடம் மாத்தறது, அலைன்மென்ட், பேட்டரி சோதனை. நம்ம ஊர் வெயில் பேட்டரி ஆயுசைக் குறைக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை முழுசா மாத்தணும், ஏன்னா அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். ஈரம் ஏறின ஆயில், கொடைக்கானல் இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா கொதிச்சுக் குமிழி விட்டுடும். அப்புறம் மிதிச்சா காலுக்குக் கீழ ஒண்ணும் இருக்காது. பழைய வண்டி வச்சிருக்கிறவங்க, இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை நினைச்சு எரிபொருள் ரப்பர் குழாய்களையும் ஒரு பார்வை பார்த்துக்கச் சொல்லுங்க.

தேதி ஞாபகம் இருக்காதுன்னா ஒரு சுலப வழி இருக்கு. ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறோம். பழம் வைக்கக் குனியறோமில்லையா, அந்த நாலு டயரையும் ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு வைங்களேன்.

என்ன மக்களே, உங்க ஸ்டெப்னியில காத்து இருக்கா? எழுந்து போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

கொசுறு: டயர் பக்கவாட்டுல ஒரு சின்ன வட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23வது வாரத்துல செஞ்ச டயர்னு அர்த்தம். பட்டன் புதுசா இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறவங்க, மீட்டரைப் பார்க்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. மீட்டரைத் திருப்பி வைக்கிற ஆளு உண்டு. டயர் எண்ணை யாரும் திருப்ப முடியாது.